பெட்டிக்காரர் வீட்டுப் பங்கு

மனைவி பங்கு வாங்குகிறாள் என்பது பெட்டிக்காரருக்குத் தெரியும். எந்தக் கம்பெனியின் பங்கு என்றுதான் தெரியாது. கல்யாணமான புதிதில் "உன் சம்பளம், உன் இஷ்டம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிற மனிதர் என்பதால் அதற்குப் பிறகு அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. அவளும் தானாகச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைத்ததல்ல. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் பார்வையைச் சோதிப்பாள், லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவாள், காதில் அழுந்துகிறது மூக்கில் வழுக்குகிறது என்று வருபவர்களுக்குச் சரிசெய்து கொடுப்பாள். அவருக்குச் சொந்தமாக அட்டைப்பெட்டிப் பட்டறை. பழுப்பு அட்டையை வெட்டி, மடிப்புக் கோடு போட்டு, ஓரம் ஒட்டி, தட்டையாகவே கட்டுக் கட்டி அனுப்புவார்கள். ஆரம்பத்தில் சோப்பு செய்பவர், குழாய்ச் சாமான் விற்பவர், செருப்புக் கம்பெனிக்காரர் என்று ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு பெரிய ஆன்லைன் கடை பக்கத்திலேயே ஒரு கிடங்கு திறந்தது. அதன் ஆர்டர் வந்ததும் பட்டறைக்கு மூச்சுவிட நேரமில்லை. பழைய ஆட்களுக்குச் சொன்ன தேதியில் சரக்கு கொடுக்க முடியாமல், அவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். போனால் போகட்டும் என்று பெட்டிக்காரரும் விட்டுவிட்டார்.

அவள் பங்கு வாங்க ஆரம்பித்ததற்கு ஒரு லாரிதான் காரணம். ஒரு மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். பட்டறை வாசலில் லாரி நின்றது. இருவரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசி முடித்தும் பெட்டிக் கட்டுகள் ஏறிக்கொண்டே இருந்தன. இத்தனை பெட்டியும் எதையாவது வயிற்றில் போட்டுக்கொண்டு யார் வீட்டுக்கோ போகப்போகிறது, வெறும் பெட்டி செய்கிற நமக்கே இவ்வளவு கிடைக்கிறதென்றால் அதை நிரப்புகிறவனுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதைத் தம்பியிடம் கேட்டாள்.

தம்பி ஒரு வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்தான். மழை வருமா, தேர்தலில் யார் ஜெயிப்பார்கள், எந்தத் தெருவில் மனை விலை ஏறும் என்று எதைக் கேட்டாலும் கையில் ஒரு பதில் வைத்திருப்பான். அதனால் குடும்பத்தில் அவனுக்கு 'ஆரூடம்' என்று பெயர். சொன்னதில் பாதி பலிக்கும். பலிக்காத பாதியை அவனே மறந்துவிடுவான்.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்குக்கா" என்றான். "மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா. ஏறுதா இறங்குதான்னு எட்டிக்கூடப் பார்க்காத. வாங்கிப் போட்டுட்டு மறந்துடு. இதெல்லாம் காலத்துக்கும் நிக்கிற கம்பெனி."

அவள் அப்படியே செய்தாள். சம்பளம் வந்ததும் ஒரு பகுதி தானாகவே போய்விடும். நகைச்சீட்டு, வைப்புநிதி எல்லாவற்றையும் முடித்து அதிலேயே போட்டாள். பட்டறையில் பெட்டி கூடக் கூட, தான் வாங்கியது சரிதான் என்று நம்பிக்கையும் கூடியது.

ஒரு நாள் கடையிலிருந்து வந்தபோது அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்துக்கு அவர் வீட்டில் இருப்பது வழக்கமில்லை. உடம்புக்கு என்னவோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. ஆன்லைன் கடையோட கொள்முதல் அதிகாரி வந்துட்டுப் போனாரு."

"விலையைக் குறைக்கச் சொன்னாரா?"

"அதுகூடப் பரவாயில்லையே."

அதிகாரி மிக மரியாதையாகப் பேசியிருக்கிறார். காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பிறகு விஷயத்துக்கு வந்திருக்கிறார். துணி, துண்டு, புத்தகம் மாதிரி உடையாத பொருள்களை இனிமேல் பெட்டியில் வைக்கப்போவதில்லை. கிடங்கிலேயே ஒரு மெஷின் வந்திருக்கிறது. பொருளின் அளவுக்கு அதுவே காகிதப் பையை வெட்டி, ஒட்டி, முகவரியையும் அச்சடித்துத் தள்ளிவிடும். உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை சார், மேலிடத்து முடிவு என்று கை குலுக்கிவிட்டுப் போனார். ஆர்டர் மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்ல? வாசல்வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்தேன்."

 அப்போதும் அவளுக்குப் பங்கு நினைவுக்கு வரவில்லை. பட்டறையில் வேலை செய்கிறவர்களின் முகங்கள்தான் வந்தன. முக்கியமாகப் பசை அக்கா. பட்டறை திறந்த நாளிலிருந்து ஒட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்பவள். முதலாளியை வாடா போடா என்று கூப்பிடாதது ஒன்றுதான் பாக்கி.

பங்கின் நினைவைக் கொண்டுவந்தவன் ஆரூடம். அந்த வாரக் கடைசியில் சாயங்காலம் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை ஈரம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். பெட்டிக்காரர் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நியூஸ் பாத்தியா? உன் கம்பெனி எங்கயோ போயிடுச்சு! பெட்டிச் செலவைப் பாதியாக் குறைக்கிறோம்னு அறிவிச்சாங்க பாரு, ஷேர் அப்படியே ஜிவ்வுன்னு ஏறுது. நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? உனக்கு ராஜயோகம்தான் போ!"

அவள் ஈரக்கையாலேயே போனை அணைத்தாள். அணைத்து என்ன பயன், சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் சொல்லி முடித்துவிட்டான்.

பெட்டிக்காரர் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தார். அடுத்ததை எடுக்கவில்லை.

"அந்தக் கம்பெனி ஷேரா?"

"ஆமாங்க."

"எவ்வளவு இருக்கு?"

அவள் போனைத் திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பிறகு இறக்கி, மறுபடி பார்த்தார். பட்டறையை மெஷின்களோடு அப்படியே விற்றாலும் அவ்வளவு வராது.

முதலில் சிரிப்புதான் வந்தது அவருக்கு. "நான் அவனுக்குப் பெட்டி செஞ்சு கொடுத்துட்டு இருந்தேன். நீ அவனையே வாங்கிட்டு இருந்தியா?" என்றார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "அப்போ என் பொழப்புல மண்ணு விழுந்ததுக்கு உனக்கு லாபம்."

"அப்படி ஏன் பேசறீங்க? எனக்கு வந்தா நமக்கு வந்த மாதிரிதானே?"

"வெங்காயம் போதுமா பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அதற்கப்புறம் சில நாள் வீட்டில் பேச்சு சுருங்கிவிட்டது. சாவி எங்கே, பால்காரர் வந்தாரா, லைட்டை அணை. அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், விஷயம் முடிந்திருக்கும். இந்த மௌனத்தை எந்தப் பக்கம் பிடித்து இழுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. போதாததற்குப் பங்கு வேறு தினமும் ஏறியது. எட்டிப் பார்க்காதே என்று தம்பி சொன்னதை இத்தனை வருஷம் கடைப்பிடித்தவள், இப்போது ஒவ்வொரு கண்ணாடி முடிந்ததும் போனை எடுத்துப் பார்த்தாள். ஏறியிருந்தால் மனசு ஒரு துள்ளு துள்ளும். உடனே வெட்கமாக இருக்கும்.

விடுமுறை நாளில் பட்டறைக்குப் போனாள். சத்தம் பாதியாகிவிட்டிருந்தது. ஒரு மெஷின் மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பசை அக்கா அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"நீயாவது வாயைத் திறந்து சொல்லும்மா. எங்களுக்கு வேலை இருக்குமா, இருக்காதா? இவரைக் கேட்டா 'பார்க்கலாம்'ங்கறார். எதைப் பார்க்கறது?"

"வேற வழி ஏதாவது யோசிக்கறாராக்கா?"

"உன்கிட்ட சொல்லலையா? ஒரு மெஷின் விலைக்கு வருது. பழசுதான், ஆனா நல்ல மெஷின். மருந்துப் பெட்டி, கேக் பெட்டி, சின்னச் சின்னதா எந்த வடிவத்துல வேணும்னாலும் வெட்டும். போய்ப் பார்த்துட்டு வந்து ரெண்டு நாள் அதே பேச்சா இருந்தாரு. பேங்க்ல கேட்டிருக்காரு. உங்ககிட்ட ஆர்டரே இல்லையே, எதை நம்பிக் கொடுக்கறதுன்னு சொல்லிட்டாங்களாம்."

அவளிடம் அவர் இதைப்பற்றி மூச்சுக்கூட விடவில்லை. கேட்கமாட்டார் என்பது அவளுக்குப் புரிந்தது. உன் சம்பளம் உன் இஷ்டம் என்று சொன்ன மனிதர், பட்டினி கிடந்தாலும் அந்தப் பணத்தைக் கேட்கமாட்டார். அன்று இரவே தம்பிக்குப் போன் செய்து, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னாள்.

ஆரூடம் வந்தான். மாமாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டே சாப்பிட்டான். தட்டு காலியானதும் அவள் நேரடியாக ஆரம்பித்தாள்.

"இந்த ஷேரை விக்கலாமா, வைக்கலாமா? ரெண்டு பேரும் சொல்லுங்க."

"என்னை எதுக்குக் கேக்கற?" என்றார் பெட்டிக்காரர்.

"அவங்ககூட எட்டு வருஷம் வேலை செஞ்சது நீங்கதானே. எங்க ரெண்டு பேரைவிட உங்களுக்கு அவங்களைத் தெரியும்."

ஆரூடத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "விக்கிறதா? அக்கா, விளையாடாத. சாமான் விக்கிறதுல அவங்களுக்கு வர்றது கொசுறு. அவங்க கம்ப்யூட்டரைத்தான் பாதி கம்பெனிங்க வாடகைக்கு எடுத்து ஓட்டுது. விளம்பரத்துல ஒரு வருமானம். மாசச் சந்தான்னு ஒரு வருமானம். மாமா, உங்களுக்கு வருத்தம்தான், எனக்குப் புரியுது. ஆனா ஒரே வாரத்துல செலவைப் பாதியாக்கறான்னா அவன் எவ்வளவு பலமான ஆளுன்னு பாருங்க. இருபது வருஷம் வெச்சிருந்தா உங்க பேரப்பசங்க உட்கார்ந்து சாப்பிடலாம்."

"மாப்ளே, பலம் இல்லன்னு நான் சொன்னேனா?" பெட்டிக்காரர் விரலால் மேசை மேல் ஒரு பெட்டி வரைந்தார். "இதைவிட மெல்லிசா அட்டை போடுன்னான், போட்டேன். விலையைக் குறைன்னான், குறைச்சேன். சொன்னா சொன்ன மணிக்கு லாரி வரணும்னான், வந்துச்சு. நல்லா வேலை வாங்கத் தெரிஞ்சவன். ஆனா அவன் லாபத்துல பாதி என்னை மாதிரி ஆளுங்களைப் பிழிஞ்சு வந்தது. பிழியறதுக்கு ஆள் கிடைக்கிறவரைக்கும் ஓடும். அப்புறம்?"

"ஆளுக்கா பஞ்சம்?" என்றான் ஆரூடம். வாய் தவறி வந்துவிட்டது. ஆனால் பெட்டிக்காரர் கோபிக்கவில்லை.

"அதுவும் சரிதான்" என்றார்.

இருவர் சொன்னதும் அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. அதுதான் சங்கடம். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவளுக்குக் கடைக்குப் போன வாரம் வந்த ஒரு பையனின் முகம் ஞாபகம் வந்தது. ஒரு மணி நேரம் பிரேம் பிரேமாகப் போட்டுப் பார்த்தான். எதையும் வாங்காமல், பிடித்ததைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அப்படிப் போகிறவர்கள் பத்து நாளில் அதே பிரேமை ஆன்லைனில் வாங்கி, மூக்கில் நிற்கவில்லை என்று அவளிடமே கொண்டுவருவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே நிமிர்த்திக் கொடுப்பாள். பிரேமை அனுப்பியது யார் என்று பையின் மேலேயே அச்சடித்திருக்கும். கடை முதலாளி போன மாதம்தான் ஒரு ஆளைக் குறைத்திருந்தார்.

அவள் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"இந்த ஷேர் நிலைக்கும்னுதான் நானும் நினைக்கறேன். ஆரூடம் சொல்றதுல எனக்குச் சந்தேகம் இல்ல. நாம நிலைப்போமான்னுதான் யோசனையா இருக்கு. உங்க பட்டறை அவன் கையில. என் வேலையும் இன்னிக்கோ நாளைக்கோ அவன் கைக்குப் போகுது. சேர்த்து வெச்சதையும் கொண்டுபோய் அவன் கையிலயே கொடுத்துட்டேன். அவன் தும்மினா இந்த வீட்ல மொத்தப் பேருக்கும் சளி பிடிக்கும்."

"அதுக்காக வளர்ற மரத்தை வெட்டுவாங்களாக்கா?"

"வெட்டலடா. பாதியை வேற இடத்துல நடறேன்." கணவன் பக்கம் திரும்பினாள். "அந்த மெஷினை வாங்குங்க."

பெட்டிக்காரரின் முகம் இறுகியது. "எந்த மெஷின்? அந்தப் பசை அக்கா வாய் இருக்கே... வேணாம். உன் காசு எனக்கு வேணாம்."

"யாரு சும்மா கொடுக்கறேன்னா? நான் பங்கு வாங்கறேன். உங்க பட்டறையில. பாதிக்குப் பாதி. பத்திரம் எழுதிக் கொடுங்க, லாபத்துல பங்கு கொடுங்க, கேட்டா கணக்கு காட்டுங்க."

 அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அதைப் பார்த்து நாளாகியிருந்தது.

"என் பங்கு ஜிவ்வுன்னு ஏறாதே."

"இறங்கினா சட்டையைப் பிடிச்சுக் கேக்க ஆள் வீட்லயே இருக்கே. அந்தக் கம்பெனியில யாரைப் போய்க் கேப்பேன்?"

மறுநாள் கடையில், ஒரு கண்ணாடிக்கும் இன்னொரு கண்ணாடிக்கும் நடுவில், லென்ஸ் தேய்க்கிற உள் அறையில் நின்றுகொண்டு பாதிப் பங்குகளை விற்றாள். வாங்கிச் சேர்க்க வருஷக்கணக்கானது, விற்க ஒரு விரல் போதுமாக இருந்தது. உடம்பில் ஏதோ கழன்றுபோன மாதிரி இருந்தது. வெளியே ஒரு அம்மா, படிக்கும்போது எழுத்து இரண்டாகத் தெரிகிறது என்று காத்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

மெஷின் வந்தது. வந்தவுடன் எல்லாம் சுபமாகிவிடவில்லை. முதல் வாரம் வெட்டியது எல்லாம் கோணல். மருந்துப் பெட்டியை மூடினால் மூடி ஒரு பக்கம் இளித்தது. வீணான அட்டை சுவர் உயரத்துக்குக் குவிந்தது. பெட்டிக்காரர் தலையில் கைவைத்து உட்கார, பசை அக்கா, "மெஷினை வாங்கத் தெரிஞ்சா போதுமா, அதை விக்கிறவனைக் கூட்டிட்டு வந்து ஓட்டிக் காட்டச் சொல்லணும்" என்று திட்டினாள். விற்றவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். தேய்ந்த ஒரு உருளையை மாற்றியதும் சரியாயிற்று.

பழைய வாடிக்கையாளர்களைத் தேடிப் போவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சோப்புக்காரர், "வழி தெரிஞ்சுதா இப்போ?" என்று குத்திக்காட்டிவிட்டுத்தான் உட்காரச் சொன்னார். ஆனால் ஆர்டர் கொடுத்தார். செருப்புக் கம்பெனிக்காரர் கொடுக்கவில்லை. இரண்டு மருந்துக்காரர்கள், மூன்று கேக் கடைகள், அவள் வேலை செய்த கண்ணாடிக் கடை என்று மெல்ல மெல்லச் சேர்ந்தது. பட்டறையிலிருந்து சிலர் சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். போனவர்களில் பாதிப் பேருக்கு வேலை கிடைத்தது அதே பெரிய கடையின் கிடங்கில்தான். சம்பளம் இங்கே வாங்கியதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று கேள்வி. 

விற்ற பிறகு பங்கு இன்னும் ஏறியது. ஆரூடம் வரும்போதெல்லாம், "அக்கா, அன்னிக்கு மட்டும் நீ விக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பான். கணக்குப் போட்டும் காட்டுவான். அவளுக்கு எரிச்சலாக வரும், வயிறும் கொஞ்சம் எரியும். இரண்டாவது வருஷம் கம்பெனிக்கு எதிர்பார்த்த லாபம் வராமல், பங்கு மூன்றில் ஒரு பாகம் சரிந்தது. அந்த மாதங்களில் ஆரூடம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு பங்கு நிமிர்ந்தது, அவனும் வந்தான். மிச்சப் பாதியை அவள் விற்கவில்லை. மாதாமாதம் புதிதாக வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் பட்டறையில் போட்டதைவிடப் பங்கில் விட்டதுதான் அதிகம் வளர்ந்திருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை, பெட்டிக்காரரிடமும்தான். "அப்போ தப்புப் பண்ணிட்டோமா?" என்று அவர் ஒருநாள் கேட்டார். "தெரியல. ஆனா தூக்கம் வருது" என்றாள்.

மூன்றாவது வருஷம் கொள்முதல் அதிகாரி திரும்ப வந்தார். ஆள் வேறு, அதே மரியாதை. கண்ணாடி ஜாடி, பீங்கான் சாமான் எல்லாம் காகிதப் பையில் உடைந்துபோய்த் திரும்பி வருகிறதாம். உள்ளே தடுப்பு வைத்த பெட்டிகள் வேண்டுமாம். உங்கள் புது மெஷினைப் பற்றிக் கேள்விப்பட்டோம் என்றார். அவர் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டதும் பெட்டிக்காரருக்குக் கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. பேனாவை எடுத்தேவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, "பார்ட்னரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. மொத்தத்தையும் எடுக்கலாம், இன்னொரு மெஷின் போடலாம் என்று அவர் குதித்தார். கால்வாசிக்கு மேல் கூடாது என்று அவள் நின்றாள்.

"அந்தக் கம்பெனியில உனக்குப் பங்கு இருக்கு. அவன் பெட்டி கேட்டா, கொடுக்காதங்கறயா?"

"இங்கயும் பங்கு இருக்கே. இங்க இருக்கற பங்குக்காரி சொல்றா."

"சோப்புக்காரரை நான் விட்டுடுவேன்னு நினைக்கறியா?"

"போன தடவை விட்டீங்களே."

 கேட்ட ஆர்டரில் மூன்றில் ஒரு பங்கு என்று அவர் இறங்கி வந்தார். அவளும் சரி என்றாள். மறுநாள் காலை அவர் அதிகாரிக்குப் போன் செய்து அதைச் சொன்னார்.  இருக்கட்டும், மீதியை வேறு ஒருவரிடம் கேட்டுக்கொள்கிறோம் என்றார்கள். அவ்வளவு சுலபமாக வேறு ஒருவர் கிடைத்துவிடுவார் என்பது பெட்டிக்காரருக்கு உறுத்தத்தான் செய்தது. போனை வைத்துவிட்டு மெஷினை ஓடவிட்டார். பசை அக்கா முதல் தடுப்பை எடுத்து, நாலு பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டு, சாயாமல் நிற்கிறது என்றாள்.